திரும்ப அழைத்த குற்றம்: மதுரை பைபாஸ் சாலைக் காபிக் கடையில் ஒரு சனிக்கிழமை

பதின்ம வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு மதுரைக்கு ஒருநாள் பயணம் போகத் திட்டமிடும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோயிலைப் பற்றியும் மகாலைப் பற்றியும் இணையத்தில் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். காபிக் கடையைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தால் 2007 ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமையை நான் வேறு விதமாகக் கழித்திருப்பேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பரமக்குடியில் வழக்கறிஞர். என் மகள் சௌமியா அந்த ஆண்டு பிளஸ் டூ தேறியிருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி படிக்க இடம் கிடைத்தது; விடுதியில் தங்க வேண்டும். அவளுடைய தோழி ஹேமாவுக்கும் அதே கல்லூரியில் அதே பாடத்தில் இடம். ஹேமா பத்தாம் வகுப்பு வரை பரமக்குடியில் இவளோடு படித்தவள். சௌராஷ்டிரக் குடும்பம், தந்தை சேலை மொத்த வியாபாரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரை வில்லாபுரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

நான் மகளுக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஹேமா திருச்சிக்குப் போனால் நீயும் போகலாம். அவள் போகாவிட்டால் உனக்கு உள்ளூர்க் கல்லூரி. முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத பெண்ணோடு ஓர் அறையில் மகளைத் தங்கவைக்க நான் ஆயத்தமாக இல்லை. கட்டணம் செலுத்தத் திங்கட்கிழமை கடைசி நாள். ஹேமாவின் தந்தையோ அதுவரை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நேர்ல பாத்துப் பேசணும்ப்பா" என்றாள் சௌமியா. எங்கே என்று கேட்டேன். பைபாஸ் சாலையில் புதிதாக வந்திருக்கும் காபி ஷாப் என்றாள். அவர்கள் வீட்டுக்கே போகலாமே என்றேன். "வீட்டுல எப்பிடிப்பா ஃப்ரீயாப் பேச முடியும்?" என்றாள். பிறர் காதில் விழாமல் பேசுவதற்கு, சாலையில் போகிற அனைவர் கண்ணிலும் படும்படி கண்ணாடிச் சுவர் வைத்த கடைக்குப் போவானேன் என்ற என் கேள்வியை அவள் தள்ளுபடி செய்துவிட்டாள். திருப்பரங்குன்றத்தில் நடை சாத்துவதற்குள் தரிசனம் முடிக்கலாம் என்ற எண்ணத்தில் நானும் இசைந்தேன்.

பரமக்குடியிலிருந்து மதுரையின் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்ட பேருந்து மானாமதுரை, திருப்புவனம் வழியாக ஒன்பது மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆளுக்கு இருபத்து நான்கு ரூபாய். வலப்பக்க இருக்கைகளில் வெயில் அடிக்கும்; இடப்பக்கம் அமர்க. திருப்புவனத்தைத் தாண்டியதும் சௌமியா ஓர் அறிவுரை வழங்கினாள். எங்கள் இருவருக்குமாக ஒரே கைப்பேசி, அது என் சட்டைப் பையில் இருந்தது.

"அப்பா, ஹேமா வீட்டுலருந்து கெளம்புறப்ப மிஸ்டு கால் குடுப்பா. எடுத்துராதீங்க."

"எடுக்காம எப்பிடிம்மா விஷயம் தெரியும்?"

"எடுக்காட்டித்தான்ப்பா தெரியும். ஒரு ரிங்னா கெளம்பிட்டா. ரெண்டு ரிங்னா லேட்டாகும். மூணுன்னா வரல."

இந்த வயதுப் பிள்ளைகள் காசு செலவின்றி ஒரு முழு தந்தி இலாகாவை நடத்துகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. எடுப்பதில்லை என்று உறுதி கூறினேன். அந்த உறுதியை நான் கடைசிவரை மீறவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மாட்டுத்தாவணியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நகரப் பேருந்தில் காளவாசல் போய் இறங்கியபோது மணி பத்து. கடை அங்கிருந்து சிறிது தொலைவு நடை. என் கணக்கு இதுதான்: பத்தேகால் முதல் பதினொன்று வரை காபி, பேச்சு, பதினொன்றரைக்குத் திருப்பரங்குன்றம். கணக்கில் பிழை இல்லை. கடைதான் பூட்டிக் கிடந்தது.

எதிரே ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு இன்று விடுமுறையா என்று அவரிடம் விசாரித்தேன்.

"லீவெல்லாம் கெடையாதுண்ணே. பதினோரு மணிக்குத்தான் தொறப்பாய்ங்க."

"காபிக் கடையையா?"

"ஆமாண்ணே. அவிங்க எந்திரிக்கணும்ல" என்றவர், சௌமியாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "காபி குடிக்கணும்னா அந்தா இருக்கு பாருங்க டீக்கடை. காலைல நாலு மணிலருந்து ஓடுது. இங்கிட்டுக் காபி குடிக்க யாருண்ணே வாரா?" என்றார்.

காபிக் கடை என்றால் விடியற்காலையில் திறந்திருக்கும் என்று கருதியது என் பிழையா, பதினொரு மணிக்குத் திறக்கும் இடத்துக்குக் காபிக் கடை என்று பெயர் வைத்தவர் பிழையா என்பதை வாசகர் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். ஒரு மணி நேரம் அந்தத் தேநீர்க் கடை பெஞ்சில் கழிந்தது. கண்ணாடித் தம்ளரில் ஐந்து ரூபாய்க்குக் கிடைத்த காபி மிக நன்றாக இருந்தது. "பேசாம இங்கயே உக்காந்து பேசலாமேம்மா" என்றேன். சௌமியா என்னைப் பார்த்த பார்வையை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சிகளிடம்கூட நான் கண்டதில்லை.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. கடையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். உள்ளே நுழையும்போது என் வலக்கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. குளிரூட்டிய அறை என்றால் செருப்பை வாசலில் விட வேண்டும் என்று கணினி மையங்கள் எங்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. சௌமியா என் முழங்கையைக் கிள்ளினாள். செருப்போடு உள்ளே போனேன்.

பழுப்பு நிறச் சோபாக்கள், சுவரில் தந்தி அறுந்த கித்தார், ராணி தொலைந்துபோன ஒரு சதுரங்கப் பலகை, நெஞ்சுக்குள் அதிரும் பாட்டு. திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே மூன்று பையன்கள் ஒரே பைக்கில் வந்து இறங்கி, ஒரு கோல்டு காபியும் மூன்று உறிஞ்சுகுழலும் வாங்கிக்கொண்டு சன்னலோரச் சோபாவைக் கைப்பற்றினார்கள். பிற்பகல் வரை அந்தக் கோப்பை தீரவில்லை. இத்தகைய கடைகள் எதை விற்று நடக்கின்றன என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பதினேழு வயதில் நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டுமானால் வைகைப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருந்தது. அதற்கு எவரும் வாடகை கேட்டதில்லை.

"அப்பா, நீங்க அந்த டேபிள்ல உக்காருங்க. ஹேமா வந்தா நாங்க இங்க இருப்போம்."

"ரெண்டுக்கும் நாலடி தூரம்கூட இல்லயேம்மா. காது கேக்குமே."

"கேட்டாலும் கேக்காத மாதிரி இருங்கப்பா, ப்ளீஸ்."

தனி மேசையில் அமர்ந்தேன். தொப்பி அணிந்த பணியாளர் வந்து, உட்கார வேண்டுமானால் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். காபி என்றேன். எந்தக் காபி என்றார். காபி என்றால் காபிதான் என்றேன். அவர் பொறுமைசாலி. ஓர் அட்டையை நீட்டினார். அதில் பத்தொன்பது வகை இருந்தன. நான் அறிந்த காபி அவற்றில் இல்லை. வரி தனி என்ற செய்தி அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தது. இறுதியில் அவரே முடிவு செய்து கப்புச்சினோ என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு ரூபாய். கோப்பையில் முக்கால் பங்கு நுரை. நுரையின் மேல் ஓர் இதயம் வரைந்திருந்தது. ஐம்பத்தோராம் வயதில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு இதயம் வரைந்து தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆற்றிக் குடிக்க இன்னொரு தம்ளர் கேட்டேன். இல்லை என்றார்.

மணி பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தபோதுதான் திரையில் கவனித்தேன். அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு அரை மணி நேரத்துக்கு முன் வந்து, தேநீர்க் கடைச் சத்தத்தில் கேட்காமல் போயிருந்தது. சௌமியா கல்லாவருகே நின்று கேக் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது ஹேமாவாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இருக்கலாம் என்பது போதாது. காவல் நிலையத்தில் நிற்கும் கட்சிக்காரராகவும் இருக்கலாம். அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் திரும்ப அழைத்து விசாரிப்பது இருபத்தைந்து ஆண்டுகளாக என் தொழில் ஒழுங்கு. எடுக்க வேண்டாம் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. திரும்ப அழைக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை.

அழைத்தேன். ஓர் ஆண்குரல் எடுத்தது.

"வணக்கம். இந்த நம்பர்லருந்து எனக்கு ஒரு கால் வந்திருந்துச்சு. நான் பரமக்குடி வக்கீல் பேசுறேன்."

"வக்கீலா? எங்கயோ தப்பா வந்திருக்கும் சார். இங்க வக்கீலுக்கு யாரும் போடலயே. என்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல சார். ஹேமாங்கிற பொண்ணுக்காகக் காத்திருக்கோம். பைபாஸ் ரோடு காபிக் கடையில. நானும் எம் பொண்ணு சௌமியாவும். ஹேமா கெளம்பிருச்சான்னு தெரிஞ்சுக்கத்தான்."

அந்தக் குரல், "ஹேமா டாலி கிளாஸுக்குல்ல போயிருக்கு" என்றது.

வழக்கு எந்த இடத்தில் கவிழ்ந்தது என்பதை ஒரு வழக்கறிஞர் உடனே உணர்வார். நானும் உணர்ந்தேன். வீட்டில் இருக்கும் அப்பாவின் கைப்பேசியிலிருந்து ஒரு மணி அடித்து வைத்துவிட்டு, கணக்குப் பதிவு வகுப்புக்குப் போவதாகச் சொல்லி அந்தப் பெண் புறப்பட்டிருக்கிறாள். 

"நான் வாரேன் சார். அங்கனயே இருங்க" என்று ஹேமாவின் தந்தை இணைப்பைத் துண்டித்தார்.

நான் கைப்பேசியைக் கீழே வைப்பதற்கும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. ஒல்லியான உடல், இரட்டைப் பின்னல், தோளில் கணினி மையத்தின் பை. "சௌமி! அப்பா சரின்னுட்டாருடீ! நேத்து ராத்திரி சொன்னாரு. திருச்சிக்குப் போகலாம்னு!" என்றாள். பிறகு இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். உண்மையாகவே குதித்தார்கள், தரை அதிர்ந்தது. சன்னலோரப் பையன்கள் கைதட்டினார்கள். நான் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுபோன்ற செய்தியைத் தள்ளிப்போடுவதால் பயனில்லை. எழுந்துபோய், நடந்ததை நடந்தபடி இருவரிடமும் சொன்னேன்.

"அப்பா, என்னப்பா பண்ணீங்க!" என்றாள் சௌமியா. "எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல!"

"நான் எடுக்கல. நான்தான் கூப்பிட்டேன்."

"அது அதவிட மோசம்ப்பா!"

ஹேமா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் இரத்தமே இல்லை. "அவ்ளோதான். அனுப்ப மாட்டாரு. 'பக்கத்துலருக்கிற கிளாஸுக்கே பொய் சொல்றவ திருச்சில என்னா சொல்லுவ'ன்னு கேப்பாரு" என்றாள். சௌமியா என்னைப் பார்த்து, "அப்ப எனக்கும் திருச்சி போச்சுல்ல" என்றாள். நான் விதித்த நிபந்தனை அது. அவள் அதை மறக்கவில்லை.

வீட்டில் சொல்லாமல் ஏன் வந்தாய் என்று ஹேமாவைக் கேட்டேன். "காபி ஷாப்னாலே எங்கப்பாவுக்குப் புடிக்காது அங்கிள். பசங்க உக்காந்திருக்கிற எடம்னு சொல்லுவாரு" என்றாள். சௌமியாவுக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டேன். சௌமியா மேசையைப் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டது.

சற்றுப் பொறுத்து ஹேமா நிமிர்ந்தாள். "அங்கிள், நீங்கதான் என்னய வரச் சொன்னதாச் சொல்லிருங்க. காலேஜ் விசயமா. வக்கீல் சொன்னா எங்கப்பா நம்பிருவாரு."

முடியாது என்றேன். அப்போது சன்னலோரத்திலிருந்து ஒரு பையன், கையில் நான்கு வண்ணக் கயிறு கட்டியிருந்தவன், எவரும் கேளாமலே வாதாட வந்தான்.

"அங்கிள், ஒரே ஒரு பொய்தான. நாங்கள்லாம் ஒரு நாளைக்கு அம்புட்டு சொல்றோம்."

"டேய் மாப்ள, சும்மா இர்றா. அவரு வக்கீலாம்" என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

"வக்கீலுன்னா இன்னும் ஈசிதானடா!"

மூவரும் சிரித்தார்கள். என் தொழிலைப் பற்றி நாட்டில் நிலவும் கருத்தை நான் அறிவேன்; எனினும் முப்பத்தெட்டு ரூபாய்க்கு நுரை குடித்துக்கொண்டே அதைக் கேட்க நேர்வது அதிகப்படி. பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்திட்டு வாழ்கிறவன் இன்னொருவர் பெண் விஷயத்தில், அதுவும் அந்தத் தந்தையிடமே பொய் சொல்ல இயலாது என்று விளக்கினேன். "அப்ப உண்மையச் சொல்லி ரெண்டு பேரு படிப்பையும் கெடுங்க" என்றாள் சௌமியா. கண்ணில் நீர் நின்றது. இத்தனைக்கும் பொய்யைத் தொடங்கியவர்கள் அவர்கள், உண்மையைச் சொன்னவன் நான். கடைக்குள் இருந்த ஏழெட்டுப் பேரின் பார்வையும் குற்றவாளி நான்தான் என்றது.

பன்னிரண்டுக்குச் சற்று முன் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் நாமம். ஹேமாவின் தந்தை; பெயர் பத்மநாபன் என்பது பின்னர் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று உள்ளே பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். கயிறு கட்டிய பையன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவர் குரலை உயர்த்தவில்லை. மகளின் எதிரே அமர்ந்து தங்கள் மொழியில் பேசினார். அவளும் அதிலேயே பதில் சொன்னாள். பரமக்குடியில் பாதி ஊர் பேசுகிற மொழி. ஐம்பத்தோரு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தும் கற்றுக்கொள்ளவில்லையே என்று அன்றுதான் வருந்தினேன். என் செயலால் எழுந்த வழக்கு என் கண்ணெதிரே நடக்கிறது, எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இடையிடையே 'டாலி', 'திருச்சி', 'மிஸ்டு கால்' என்ற மூன்று சொற்கள் மட்டும் கேட்டன. மொழிபெயர்ப்பாளர் இல்லாத விசாரணை இது என்று நான் ஆட்சேபிக்கவும் வழியில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. நீங்களா வரச் சொன்னீங்க?"

ஹேமா என்னையே பார்த்தாள். சௌமியா என்னைப் பார்க்கவில்லை. ஆம் என்ற ஒரு சொல் போதும். இருவரும் திருச்சிக்குப் போய்விடுவார்கள்.

"இல்ல சார். நான் வரச் சொல்லல" என்றேன். "ஆனா வீட்டுல சொல்லாம வருதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எம் பொண்ணையே கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்."

"ஒங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்கிட்டச் சொல்லல."

"கூடவே பஸ்ஸுல வந்துமா?"

"கூடவே வந்துதான்."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"அந்தா, அந்த டேபிள்ல. தள்ளி உக்காரச் சொல்லிட்டா."

அவர் அந்த மேசையையும் ஆறிப்போன நுரையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் நான் எதிர்த்தரப்பிலிருந்து அவருடைய தரப்புக்கு மாறினேன் என்று நினைக்கிறேன். "சார், நீங்க கோர்ட்டுலயும் இப்பிடித்தான் கேஸ் நடத்துவீங்களா? ஒங்க கட்சிய நீங்களே கவுத்துட்டு?" என்றார்.

மகளிடம் திரும்பி, இம்முறை எங்கள் எல்லாருக்கும் விளங்கும்படி தமிழிலேயே கேட்டார். "அப்பிடி என்னா பேச இம்புட்டுத் தூரம் வந்த?"

"நீங்க சரின்னு சொன்னதச் சொல்லத்தான்ப்பா."

"அதப் போன்ல சொன்னா என்னா?"

ஹேமா தயங்கினாள். "போன்ல சொன்னா எப்பிடிப்பா குதிக்க முடியும்?"

பாட்டு அப்போது ஏதோ காரணத்தால் நின்றிருந்தது. பத்மநாபன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"குதிச்சியா?"

"குதிச்சோம்."

"குதிச்சாங்க சார்" என்றேன் நான். "நான் பாத்தேன்." அன்று முழுவதும் எவருக்கும் உதவிய என் ஒரே சாட்சியம் அதுதான்.

பணியாளர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கையை அசைத்து அவரை அனுப்பிவிட்டார் பத்மநாபன். பிறகு, "திருச்சிலயும் இந்த மாதிரிக் கடை இருக்குமா?" என்று மகளைக் கேட்டார்.

"இருக்கும்ப்பா."

"போவியா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "போவேன்" என்றாள்.

"போ. ஆனா சொல்லிட்டுப் போ. அதோட மாசத்துக்கு ஒருநாள், மொத சனிக்கிழம, நாங்க ரெண்டு பேரும் அங்க வருவோம். நீங்க ரெண்டு பேரும் எங்களக் கூட்டிட்டுப் போயி, ஒரே டேபிள்ல உக்காந்து, என்னா பேசுறீங்களோ அத எங்க முன்னாடி பேசணும். முடியுமா?"

பிள்ளைகள் இருவர் முகத்திலும் தோன்றிய திகிலை விவரிக்க எனக்குத் திறமை போதாது. மாதந்தோறும் அப்பாக்களோடு காபி ஷாப். ஒருத்தி வேட்டி கட்டிய அப்பாவோடு. இன்னொருத்தி ஆற்ற இன்னொரு தம்ளர் கேட்கும் அப்பாவோடு. ஆனாலும் இருவரும் ஒரே மூச்சில் முடியும் என்றார்கள். 'நாங்கள் இருவரும்' என்பதில் நானும் அடக்கம் என்பதையும், அதற்கு என் ஒப்புதல் கேட்கப்படவே இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ள விரும்புகிறேன். சட்டப்படி அது என்னைக் கட்டுப்படுத்தாது. ஆட்சேபம் தெரிவிக்க வாயைத் திறந்தேன். சௌமியா அன்று காலையிலிருந்து முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். "திருப்பரங்குன்றம் போகலாம்னு இருந்தேன்" என்றேன். "இனிமே போயி என்னா சார், ஒரு மணிக்கு நடை சாத்திருவாய்ங்க. நாலு மணிக்குத்தான்" என்றவாறு செருப்பை மாட்டிக்கொண்டார் பத்மநாபன். மாலைவரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. மதுரைக்குப் போய் முருகனைப் பார்க்காமல் திரும்பியது என் வாழ்நாளில் அது முதல் முறை.

இனி, போகவிருப்போருக்குச் சில சொற்கள். காபிக் கடையைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள். காலையில் முதலில் கோயில். மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு நேரே நகரப் பேருந்து உண்டு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடைக்குப் போவதற்கு முன் எதிரே உள்ள தேநீர்க் கடையில் உங்கள் காபியைக் குடித்துவிடுங்கள். உள்ளே கிடைப்பது வேறு பொருள். அட்டையின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள். சந்திக்கப்போகும் பிள்ளையின் வீட்டாருக்கு விஷயம் தெரியுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, உங்கள் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். அவள் மேசையைப் பார்த்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். இவ்வளவையும் மீறி எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாங்கள் எச்சரித்து வளர்த்த பிள்ளைகள் பொய் சொன்னது எங்கே போக என்று பார்த்தால், ஒரு நல்ல செய்தியைச் சொல்லிக் குதிப்பதற்கு ஓர் இடத்துக்கு. அந்த இடம் எங்கள் வீடாக ஏன் இல்லை என்ற கேள்வியை நான் இன்னும் ஒத்திவைத்தே வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கட்டணம் கட்டினோம். பிள்ளைகள் இருவரும் இப்போது திருச்சியில் ஒரே அறையில் இருக்கிறார்கள். நிபந்தனைப்படி நானும் பத்மநாபனும் மாட்டுத்தாவணியில் சந்தித்து, அங்கிருந்து ஒன்றாகப் போய் வருகிறோம். மதுரையிலிருந்து திருச்சிக்கு மூன்று மணி நேரம். விராலிமலை வழிப் பேருந்து நல்லது. பேசாத பிள்ளைகளோடு முதல் முறை, ஓரிரு சொல் பேசிய பிள்ளைகளோடு இரண்டாம் முறை, எங்களைப் பேசவிடாத பிள்ளைகளோடு மூன்றாம் முறை.

இந்த மாதம் அவர்களுக்குத் திங்கட்கிழமை உள்தேர்வு. வர முடியாது என்று சௌமியா கைப்பேசியில் சொன்னபோது எங்கள் பேருந்து மேலூரைத் தாண்டிவிட்டது. விடுதியில் பார்வையாளர் நேரம் மாலை நாலரைக்கு. திருச்சியில் இறங்கியபின் வேறு போக்கிடம் தெரியாமல் பிள்ளைகள் மாதந்தோறும் எங்களைக் கூட்டிப்போகும் காபிக் கடைக்கே போய், வழக்கமான மேசையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தோம். சுற்றிலும் இருபது வயதைத் தாண்டாத கூட்டம். பத்மநாபனுக்குச் சங்கடமாக இருந்தது போலும்.

"என்னா சார், அதுங்க இல்லாம நம்ம மட்டும் உக்காரலாமா?" என்றார்.

நிபந்தனையின் வாசகத்தை நினைவுகூர்ந்து பார்த்தேன். முதல் சனிக்கிழமை நாங்கள் வர வேண்டும் என்று இருந்தது. அவர்கள் வராவிட்டால் நாங்கள் திரும்பிவிட வேண்டும் என்று எங்கும் இல்லை. அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்பச் சரி" என்று அட்டையைத் திறந்தார். "ரெண்டு கோல்டு காபி தம்பி. ஒண்ணுல ஐஸ்கிரீம் போடாத, வக்கீல் சாருக்குத் தொண்ட கட்டிக்கிரும்."